அரைப் பேர் குதிரைகள்

முதல் குதிரை வந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆகவே குதிரையைப் பற்றிப் பேசியதைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். வாளியும் குடமுமாக வரிசையில் நின்றவர்களின் முதுகுக்குப் பின்னால், தேயிலை ஸ்டோர் ரோட்டின் வளைவைத் தாண்டி, பனிக்குள்ளிருந்து அது நடந்து வந்தது. இங்கிலாந்து மழையில் நனைந்த உடம்பு இன்னும் காயாமல், பிடரி மயிரில் எங்கள் மலையில் முளைக்காத ஏதோ ஒரு புல்லின் விதை ஒட்டியிருக்க, வரிசையாக நின்ற நாற்பத்தெட்டுக் காம்பராக்களின் கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, முப்பத்தோராம் நம்பர் காம்பராவின் வாசலில் நின்றது.

"இது யாருது?" என்று வரிசையிலிருந்து கமலி கேட்டாள்.

"என்னுதுதான்," என்றாள் ரெங்காயி, வாயில் பற்பொடியோடு. "நேத்து ஜெயிச்சது."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில், ஒரு ரேஸ் புக்கி இருக்கிறது. நாங்கள் பார்த்தேயிராத குதிரைகள் நாங்கள் பார்த்தேயிராத இங்கிலாந்துப் புல்வெளிகளில் ஓடுவதற்கு, எங்கள் ஆண்கள் சம்பள நாளில் அங்கே போய், கம்பிவலைக்குள் உட்கார்ந்திருக்கும் விமலதாச மாத்தயாவிடம் காசைக் கட்டிவிட்டு, சுவரிலிருக்கும் ஒலிபெருக்கியில் ஒரு வெள்ளைக்காரன் மூச்சு விடாமல் கத்துவதைக் கேட்டு, ஒரு சொல்லும் புரியாமல், யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் புரிந்து, வெறும் பையோடு கடைசி பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். பெண்கள் அந்த மாடிப்படி ஏறியதில்லை. ரெங்காயிதான் முதலில் ஏறினாள், கையில் தோட்ட ஆபீஸ் கொடுத்த கடிதத்தோடு.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: அவளுக்கு அறுபது வயதாகப்போகிறது, அடுத்த மாதம் முப்பதாம் தேதியோடு செக்ரோல் என்ற வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டுவார்கள், அதற்குள் அந்த வீட்டிலிருந்து வேறொரு ஆள் வேலைக்குப் பதியாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வேறொரு ஆள் என்றால் அவளுடைய ஒரே மகள் நிரோஷா, கொழும்பில் நர்ஸ் பயிற்சியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். "நான் வந்து பேர் பதியிறேம்மா, நீ எங்க போவ," என்று மகள் போனில் சொன்னபோது, "வந்தீன்னா காலை ஒடிச்சுருவேன்," என்று சொல்லிவிட்டு ரெங்காயி போனை வைத்தாள், வைத்துவிட்டு முப்பத்தெட்டு வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்திருந்த, பத்தடிக்குப் பன்னிரண்டடியான அந்த அறையின் நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள். டவுனுக்குப் போகும் வழியில் பத்து பேர்ச் அளவில் ஒரு சின்னக் காணி, மேலே ஒரு தகரக் கூரை, அவ்வளவு கிடைத்தால் போதும். மகள் கூடை மாட்ட வேண்டாம், தான் யார் காலிலும் விழ வேண்டாம். ஆனால் அவளிடம் இருந்தது இருநூறு ரூபாய்.

அந்த இருநூறைத்தான் கம்பிவலைக்குள் நீட்டினாள். "ஆறு சனிக்கிழமை, ஆறு குதிரை, ஒரே துண்டுல எழுதுங்க."

"அம்மே, அது கோர்வை," என்றார் விமலதாச மாத்தயா, சிங்களக்காரரான தனக்குத் தெரிந்த தமிழில். "ஒண்ணு ஜெயிச்சா அந்தக் காசு அடுத்ததுக்குப் போகும், அது ஜெயிச்சா அதுக்கு அடுத்தது. ஆறும் ஜெயிக்கணும். ஒண்ணு தோத்தா எல்லாம் இல்ல. முன்னாடி ஜெயிச்சதும் இல்லாத மாதிரி."

"தெரியும்."

"எந்தக் குதிரை?"

"எது அதிகமாச் சுமக்குதோ அது."

ஏனென்றால் ரேஸ் பேப்பரில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அது சுமக்கும் எடையும் போட்டிருக்கும், நன்றாக ஓடும் குதிரைக்கு மற்றதைவிடக் கூடுதலாகச் சுமை ஏற்றுவார்கள், சேணத்துக்கு அடியில் ஈயத் தகடுகளைச் சொருகி அந்தச் சுமையைச் சரிக்கட்டுவார்கள். வாழ்நாள் முழுக்கத் தராசுக்கு முன்னால் நின்றவள் அந்தப் பேப்பரில் வேறு எதையும் பார்க்கவில்லை. ஓடி ஜெயித்த பிறகும் குதிரைக்காரனைச் சேணத்தோடு தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்கள், சுமை சரியாக இருந்தால்தான் வெற்றி என்று விமலதாச மாத்தயா சொன்னதும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "அங்க தராசு சரியா இருக்கும்போல," என்றாள்.

எங்கள் தராசு வேறு. எங்களுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர். காலை ஏழரைக்கு ஏறி அட்டைக் கடியோடும் மழையோடும் மாலை நாலரை வரை மலையில் நின்றிருப்போம், ஆனால் நின்றதை யாரும் எழுதுவதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டியதும் கணக்கப்பிள்ளை எட்வின் முள்ளைப் பார்த்து, சாக்குக்கு இரண்டு கிலோ கழித்து, ஈரத்துக்கு ஒன்று கழித்து, "அரைப் பேர்" என்று எழுதும்போது, அரை ஆளாகத்தான் லயத்துக்கு இறங்குவோம். பறிக்கும்போது கைக்குத் தெரிந்த பாரம் தராசுக்கு வரும்போது எங்கே போகிறது என்று ரெங்காயி ஒருத்திதான் அடிக்கடி கேட்பாள், கேட்டதற்காகவே மற்றவர்களைவிட அதிக நாள் அவளுக்கு அரைப் பேர் விழுந்தது.

முதல் குதிரை சாம்பல் நிறம், பேப்பரில் சில்வர் மினிஸ்டர் என்று பெயர், நாங்கள் மந்திரி என்றோம். அடுத்த சனிக்கிழமையும் ரெங்காயியின் குதிரை ஜெயித்தது, அடுத்த ஞாயிறும் ஒன்று வந்தது. கறுப்பு, பனிக்கட்டி இன்னும் உருகாத குளம்புகளோடு. மூன்றாவது வந்தபோது நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரோட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கப் பழகியிருந்தோம். நாலாவதுக்குக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தோம். கால்நடைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி தன் புத்தகத்தில் குதிரைக்கு இடம் இல்லாததால் "மாடு, நான்கு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து மரக்கறித் தோட்டக்காரர்கள் வந்து சாணத்துக்கு முன்பதிவு செய்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை தன் பங்களாவிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினார்: தோட்டத்து நிலத்தில் அனுமதி இல்லாமல் விலங்கு வளர்ப்பது குற்றம், ஆனாலும் பங்களாவுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைக் கொட்டில் ஒன்று சும்மா கிடப்பதால், இரண்டு குதிரைகளை அங்கே கட்டினால் மற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ரெங்காயி அந்தக் கடிதத்தை மந்திரிக்குக் கொடுத்தாள். அது தின்றது.

குதிரைகளை அவள் கட்டிப்போடவில்லை, வேலைக்கு விட்டாள். ஏழாம் நம்பர் மலையிலிருந்து மடுவத்துக்குச் சாக்கைத் தலையில் வைத்து முக்கால் மைல் ஏறுகிறவர்கள் நாங்கள். அந்த ஐந்து வாரமும் எங்கள் சாக்குகளைக் குதிரைகள் சுமந்தன. தோட்டத்து லொறி பழுதென்று டிரைவர் கையை விரித்த அன்று, கமலியின் மருமகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனதும் மந்திரிதான், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மெதுவாக, ரோட்டிலிருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் முகர்ந்து பார்த்து விலகி. பிறந்த பிள்ளையின் காதில் குதிரை மூச்சு விட்டதாகச் சொன்னார்கள். கழுத்து நரம்பு தளர்ந்து நடக்கப் பெண்கள் பழகினார்கள். தலையில் பாரமில்லாமல் நடந்தால் எதிரே வருகிறவர்களின் முகம் தெரியும் என்பதையே அப்போதுதான் நாங்கள் கண்டுகொண்டோம்.

ஐந்தாவது குதிரையும் வந்துவிட்ட ஞாயிறன்று விமலதாச மாத்தயா தானே பஸ் ஏறி எங்கள் லயத்துக்கு வந்தார். ஐந்து குதிரைகளையும் சுற்றிப் பார்த்தார், கல்குலேட்டரில் தட்டினார், தட்டியதை ரெங்காயியிடம் காட்டிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். ஆறாவதும் ஜெயித்தால் முப்பத்தொரு லட்சம். ஆறாவதின் பெயர் ஹானஸ்ட் டெய்லர், நாங்கள் தையல்காரன் என்றோம். அந்த ஓட்டத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுமப்பது அதுதான். ஆறாவது தோற்றால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. குதிரைகளைப் பார்த்தோம். ஐந்தும் ரோட்டைப் பார்த்து நின்றன.

அன்று மாலை தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சந்தனம் கூட்டம் போட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார், கோபப்படும்படி ஏதோ சொல்லப்போகிறவர்கள் எல்லோரும் ஆரம்பிப்பதுபோல. "அஞ்சு ஜெயிச்சிட்டீங்க. ஆறாவது என்னாகும்னு யாருக்குத் தெரியும்? புக்கி மாத்தயாகிட்டப் பேசிட்டேன். தையல்காரன் தோக்கும்னு எதிர்ப் பக்கம் கொஞ்சம் கட்டி வச்சிக்கலாம். கோயில் காசு இருக்கு, சங்கத்துக் காசு இருக்கு, வீட்டுக்கு வீடு கொஞ்சம் போடுறோம். ஜெயிச்சா உங்க காசுலருந்து அதைத் திருப்பித் தந்திருங்க. தோத்தா நாலு லட்சம் நிக்கும். எப்படி விழுந்தாலும் கையில ஏதாவது மிஞ்சும்ல."

"நாலு லட்சத்துக்குக் காணி வருமா, தலைவரே?"

"காணி வராது. ஆனா..."

"கூரை வருமா?"

"அக்கா, ஒண்ணுமில்லாமப் போறதுக்கு..."

"நான் ஒண்ணுமில்லாமத்தான் வந்தேன். நாலு லட்சம் வந்தா எம் மக வந்து கூடை மாட்டத்தான் வேணும், நாலு லட்சம் வராட்டியும் மாட்டத்தான் வேணும். இதுல எனக்கு என்னா பாதுகாப்பு? உங்களுக்குத்தான் பாதுகாப்பு."

"குதிரைங்க போயிருமேக்கா," என்றாள் கமலி, மெதுவாக. அதுதான் எல்லோருடைய மனதிலும் இருந்தது.

"போனா முழுசாப் போகட்டும்," என்றாள் ரெங்காயி. "முப்பத்தெட்டு வருஷமா அரைப் பேர் வாங்கியே செத்தேன். இதுலயும் அரைப் பேரா? அதை நானே எழுதிக்கணுமா?"

அவள் எழுந்து போய்விட்டாள். கூட்டம் கலையவில்லை.

இதை நான் எங்களைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். தலைவர் கணக்கெழுத ஒரு கொப்பியை விரித்தார், நாங்கள் கொடுத்தோம். பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தோம், சீட்டுக்காசைக் கொடுத்தோம். இருபது வருஷம் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு, போன வருஷம்தான் திரும்பி வந்திருந்த நானும் கொடுத்தேன், அவள் நன்மைக்குத்தான் என்று இரண்டு மொழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது: துண்டு ரெங்காயியின் பெயரில் இருந்ததால் எதிர்த் துண்டிலும் அவள் கையெழுத்து வேண்டும் என்று விமலதாச மாத்தயா சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளிடம் தலைவர் போய், லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் வருகிறது, அதற்கான பட்டியல் என்று ஒரு தாளை நீட்டினார். மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாழ்ந்தவள், ஈரக் கையை இடுப்பில் கட்டிய படங்கில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தாள். பக்கத்து நிரையில் நின்ற எங்களில் எட்டுப் பேருக்கு அது என்ன தாள் என்று தெரியும். எட்டுப் பேரும் செடியைப் பார்த்தோம்.

புதன்கிழமை காலை குதிரைகள் ஆட்டுக்குட்டி அளவு இருந்தன.

ரத்தமில்லை, நோவில்லை, சத்தமில்லை. மந்திரி அதே சாம்பல் நிறத்தில், அதே பிடரியோடு, அதே பெரிய யோசனை படிந்த கண்களோடு, ஒரு வெள்ளாட்டின் உயரத்தில் நின்று, குடிக்கத் தண்ணீர் வாளியின் விளிம்பு எட்டாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. இப்போதுகூட எங்களுக்கு வெட்கம் வரவில்லை, இதையும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். புல் குறைச்சலாகத் தேவைப்படும் என்றார் ஒருவர். துரை இனிக் கொட்டிலுக்குக் கேட்க மாட்டார் என்றார் இன்னொருவர். மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே கட்டலாம். "போகாம நிக்குதுல்ல, அது போதும்," என்று தலைவர் சொன்னபோது தலையாட்டினோம். மலையில் சாக்கை ஒரு குதிரையின் முதுகில் வைத்துப் பார்த்தோம், நாலு காலும் விரிந்து அது படுத்துவிட்டது. சாக்கை எடுத்து மறுபடி எங்கள் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் நடக்கிறவளின் குதிகாலைப் பார்த்தபடி, முக்கால் மைல் ஏறினோம்.

ரெங்காயி தண்ணீர் வாளியைச் சாய்த்துப் பிடித்து ஐந்தும் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு நேரே தலைவரின் காம்பராவுக்குப் போனாள்.

"துண்டைக் குடுங்க, தலைவரே."

"எந்தத் துண்டுக்கா?"

"நான் தோப்பேன்னு கட்டினீங்களே, அந்தத் துண்டு. எங் கையெழுத்தோட."

"உங்க நல்லதுக்குத்தான்..."

"எம் புருசன் செத்தப்ப சங்கத்துக் காசு கேட்டேன், இல்லைன்னீங்க. மகளைப் படிக்க அனுப்பக் கோயில் காசுல கடன் கேட்டேன், பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னீங்க. அப்பல்லாம் இல்லாத காசு நான் தோக்கிறதுக்குக் கட்டுறப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

அவள் சத்தம் போடவில்லை. லயத்தின் நாற்பத்தெட்டுக் கதவுகளுக்கும் அது கேட்டது. தலைவர் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கொடுத்தார், அதை அவருக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஏழு மைல் தூரத்து டவுனுக்கு அவள் நடந்தே போனாள், பின்னால் ஐந்து குட்டிக் குதிரைகளும் வரிசையாகப் போயின. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்து ஆடு வாங்க வருகிறாளா விற்க வருகிறாளா என்று கேட்டார்கள். மாடிப்படியில் ஐந்தையும் ஏற்றி, கம்பிவலைக்கு முன்னால் நிறுத்தி, துண்டைக் காட்டி, "இதை இல்லைன்னு ஆக்குங்க," என்றாள்.

விமலதாச மாத்தயா குதிரைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டின காசு திரும்பாது, அம்மே. இந்தத் துண்டு இல்லாட்டி, தையல்காரன் தோத்தாலும் இதுக்குக் காசு தர மாட்டேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

"அது போதும்," என்று சொல்லி அவள் துண்டை நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, கருவாட்டு வாடை வந்த ஜன்னல் வழியாக வீசினாள். திரும்பி ஏறும்போது ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் குதிரைகள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தன. முதல் வளைவில் முழங்காலைத் தாண்டின, பாலத்தில் இடுப்பைத் தாண்டின, ஸ்டோர் ரோட்டுக்கு வந்தபோது மந்திரியின் மூச்சு அவளுடைய உச்சந்தலையில் பட்டது. நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். எங்கள் காசும் அந்த ஜன்னல் வழியாகத்தான் போயிருந்தது, ஆனாலும் குதிரைகளுக்கு வழி விட்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு ஓட்டம். கமலியின் மருமகன் புக்கியில் நின்று போனில் சொல்லச் சொல்ல நாங்கள் லயத்து முற்றத்தில் நின்று கேட்டோம். தையல்காரன் முதலில் இருந்தது, பாதிவரை முதலில் இருந்தது, கடைசி மேட்டில் மழையும் சேறும் சுமையும் சேர்ந்துகொண்டன, ஏழாவதாக வந்தது.

ரெங்காயி தலையாட்டினாள், அடுப்பில் வைத்த உலை கொதித்துவிட்டது என்று யாரோ சொன்னதுபோல. ஐந்து குதிரைகளும் அவள் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, வந்த வழியே, வந்த உயரத்திலேயே, ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு நடந்து போயின. அவள் பின்னால் போகவில்லை. "எதிர்ப் பக்கம் கட்டியிருந்தா," என்று எங்களில் ஒருவர் ஆரம்பித்தார். கமலி அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் முடியாமலேயே நின்றுவிட்டது.

முப்பதாம் தேதி வியாழக்கிழமை. அதுதான் ரெங்காயியின் கடைசி நாள். நிரோஷா அடுத்த நாள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள், அதற்கு ரெங்காயி பதில் போடவில்லை. மாலை நாலரைக்கு மடுவத்தில் அவள் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். எட்வின் முள்ளைப் பார்த்தார், கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்தார்.

"பதினஞ்சு. அரைப் பேர்."

"கடைசி நாளுங்கய்யா."

"கடைசி நாளுக்குத் தனித் தராசு இல்ல. எடு, எடு, அடுத்தது."

அப்போதுதான் குளம்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் நொண்டியபடி, உடம்பெல்லாம் சேறு காய்ந்து, ஐந்து நாளாக நடந்த களைப்போடு தையல்காரன் ஸ்டோர் ரோட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. ஜெயித்தவை எல்லாம் வெறும் முதுகோடு வந்தன. அவற்றை நிறுத்துப் பார்த்துச் சேணத்தை இறக்கி அனுப்பியிருந்தார்கள். தோற்ற குதிரையை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, யாரும் இறக்கிவிடவில்லை. அது தன் சுமையை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருந்தது.

"இது யாருது?" என்று எட்வின் கேட்டார்.

"என்னுதுதான்," என்றாள் ரெங்காயி. "தோத்தது."

அவளுக்கு அப்போது வேறு எண்ணம் இல்லை, அதை நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்து சொல்வோம். குதிரையின் முதுகு வலிக்கும் என்றுதான் வாரை அவிழ்த்தாள், சேணத்தைக் கீழே போட்டாள், அடியிலிருந்த ஈயத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவிக் கையிலிருந்த வெறும் பைக்குள் போட்டாள், பை கனத்தது, பக்கத்தில் தொங்கிய கொக்கியில் மாட்டினாள். மடுவத்தில் நாங்கள் எதையும் மாட்டுவது அங்கேதான். முள் ஆடி நின்றது.

கமலி ஒரு தகட்டை எடுத்துப் பார்த்தாள். "இதுல ரெண்டு கிலோன்னு அச்சுக் குத்திருக்கு." அதைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் ரெண்டு. எண்ணினாள். சத்தமாக எண்ணினாள். பத்துத் தகடு.

முள் பதினாறரையில் நின்றது.

மடுவத்தில் நாற்பது பெண்கள் இருந்தோமா, அறுபது பேரா, தெரியாது. கொழுந்து வாசம் மட்டும் இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் கையைப் பார்த்தாள். பதினெட்டு பறித்துப் பதினாலரை என்று எழுதப்பட்ட நாட்கள், கர்ப்பமாக இருந்து பறித்த நாட்கள், காய்ச்சலோடு பறித்த நாட்கள், கைக்குத் தெரிந்தும் முள்ளுக்குத் தெரியாத பாரங்கள் எல்லாம் அந்தக் கொக்கியிலிருந்து ஒரே நேரத்தில் தொங்கின.

"ஈயம் நனைஞ்சிருக்கு," என்றார் எட்வின், பழக்கத்தில்.

"கொழுந்து நனைஞ்சா கூடுதுன்னு கழிக்கிறீங்க. ஈயம் நனைஞ்சா குறையுமாங்கய்யா?"

அவர் கொக்கியிலிருந்து பையை எடுக்கக் கையை நீட்டினார். கமலி அவர் கையைத் தொடவில்லை, குறுக்கே நின்றாள், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். துரைக்குச் செய்தி போய் அவர் ஜீப்பில் வந்து இறங்கியபோது மடுவத்துக்குள் வர வழி இருக்கவில்லை. தராசைப் பழுது பார்க்கச் சொல்கிறேன், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். யாரும் நகரவில்லை. தலைவர் சந்தனம் மூச்சிரைக்க ஓடி வந்து வாயைத் திறந்தார்.

"கூட்டம் போட வேணாம், தலைவரே," என்றாள் ரெங்காயி. "நின்னா போதும்." அவர் எங்களோடு வந்து நின்றார்.

அவள் இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்தாள். "தொரை, வீட்டுக்கு ஒரு ஆள் பதியணும்னு இதுல இருக்கு. என் வீட்டு ஆள் இது. எழுதுங்க."

"ரெங்காயி, குதிரையைச் செக்ரோல்ல எழுத முடியாது."

"இருந்த மூணரைக் கிலோவை இல்லைன்னு இத்தனை வருஷமா எழுத முடிஞ்சுதே. கண் முன்னால நிக்கிற குதிரையை எழுத முடியாதா?"

துரை எங்களைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். அந்தத் தராசைப் பற்றி டவுனில் யார் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்ததை எங்கள் முகத்திலேயே அவரால் படிக்க முடிந்தது; தலையில் பாரமில்லாததால் முகங்கள் எல்லாம் நிமிர்ந்து இருந்தன. அவர் எட்வினுக்குத் தலையை அசைத்தார்.

எட்வின் புத்தகத்தைப் புரட்டி, ரெங்காயியின் பெயர் இருந்த கட்டத்துக்குக் கீழே பேனாவை வைத்தார். "பேர்?"

"தையல்காரன்."

"காம்பரா நம்பர்?"

"முப்பத்தொண்ணு. உங்களுக்குத் தெரியும்."

"இன்னைக்கு எடை?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தன் காதிலேயே விழுந்ததுபோல நிமிர்ந்தார்.

"தகடைப் பார்த்து எழுதுங்க, முள்ளைப் பார்க்காதீங்க."

அவர் இருபது என்று எழுதினார். பக்கத்தில் ஒரு பேர், முழுதாக. ரெங்காயி போனை எடுத்து மகளுக்கு அடித்து, "ஆள் பதிஞ்சாச்சு. டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு," என்றாள். பிறகு தன் சாக்கைச் சுட்டிக் காட்டினாள். "இப்ப என்னுதைத் திருத்துங்க. பதினஞ்சு இல்ல, மூணரை சேருங்க."

திருத்தினார். அவளுக்குப் பின்னால் கமலி சாக்கை மாட்டினாள். முள்ளைப் பார்க்காமல், எட்வினின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "மூணரை சேர்த்து எழுதுங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். குதிரை மடுவத்து வாசலில் காலை மாற்றி மாற்றி நின்றது. அன்று யாரும் அரைப் பேரோடு லயத்துக்கு இறங்கவில்லை.